நடந்தே வாழ ஒரு பாலைவனப் பேட்டை: துபாய் கராமாவும் அதன் மெட்ரோவும்

மாப்பிள்ளையின் கம்பெனிக்கு மஸ்கட், தோஹா, துபாய் மூன்று ஊரிலும் அலுவலகம் உண்டு. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான், எந்த ஊர் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா, இந்த மூணுல எந்த ஊர்ல நான் குழந்தையக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தே கடைக்குப் போயிட்டு வரலாம்?”

நான் புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் 33 ஆண்டு தபால்காரராக இருந்தவன். முதல் பத்து வருடம் முழுக்க நடை, அப்புறம் சைக்கிள். வைசியாள் வீதி, காந்தி வீதி, மிஷன் வீதி எல்லாம் என் பீட்டில் வந்து போனவை. எந்த வீதியில் பதினொரு மணிக்கு எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்கத்து வீட்டு வரிசையில், நிழல் விழும், எந்தத் திண்ணையில் தண்ணீர் கேட்டால் மோரே கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குக் காலில் பதிந்த பாடம். ஒரு ஊரில் நடந்து பிழைக்க முடியுமா என்பதை வரைபடம் பார்த்துச் சொல்ல முடியாது, நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் போன ஆகஸ்டில் நானும் மனைவியும் 60 நாள் விசாவில் கிளம்பினோம். வெயில் தணிந்து ஜனவரியில் போகலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். ஜனவரியில் பார்த்தால் அந்தப் பக்கத்து ஊர் எல்லாமே நடக்க இனிமையாகத்தான் இருக்கும். அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் வெயில் காலத்தையும் சேர்த்துத்தானே குடியிருக்க வேண்டும்? ஆகஸ்டில்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

நாங்கள் கடைசியில் முடிவு செய்தது துபாயில் கராமா என்கிற பழைய பேட்டை. அந்தப் பேட்டையையும், அதற்குக் கால் கொடுக்கிற மெட்ரோ, பஸ் சேவையையும் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் குடும்பத்தோடு அங்கே போகிறார்கள். வாடகையை மட்டும் விசாரித்துக்கொண்டு போய் இறங்கிவிட்டு, அப்புறம் வீட்டுப் பெண்கள் நாலு சுவருக்குள் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மற்ற ஊர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டில் என் தம்பி இருபது வருடம் ரூவியில் இருந்தான். 2016 ஜனவரியில் லீவு போட்டுவிட்டு இரண்டு வாரம் அவனோடு தங்கியிருந்தேன். ரூவி கடைத்தெரு நடக்க அருமையான இடம். மத்ராவில் கடலோரமாக மாலை நடந்தால் நம்ம பீச் ரோடு நினைவு வரும். மூன்று ஊரில் வாடகை குறைவும் அதுதான். ஆனால் மஸ்கட் கடலுக்கும் கறுத்த பாறை மலைக்கும் நடுவில் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு நீளமாகக் கிடக்கிற ஊர். ரூவியில் வீடு, அல் குவைரில் அலுவலகம் என்றால் நடுவில் இருப்பது சாலைதான். 2015-லிருந்து முவாசலாத் பஸ் நன்றாக ஓடுகிறது. மெட்ரோ கிடையாது. ரூவியைச் சுற்றி நிற்கிற பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி திருப்பிக் கொடுக்கும் என்று தம்பி சொல்வான்.

தோஹாவில் அக்கா மகன் இருக்கிறான். போகிற வழியில் நாலு நாள் அவன் வீட்டில் தங்கினோம். மன்சூரா ஸ்டேஷனிலிருந்து அவன் வீடு எட்டு நிமிடம். அங்கே மெட்ரோ 2019-ல் தொடங்கியது. ஒரு பயணத்துக்கு 2 ரியால், நாள் முழுக்க எத்தனை முறை ஏறி இறங்கினாலும் 6 ரியால். ஸ்டேஷனிலிருந்து பேட்டைக்குள் கொண்டுபோய் விடுகிற சிறு பஸ்ஸுக்குக் காசே இல்லை. கட்டணம் மட்டும் பார்த்தால் தோஹாதான் முதலிடம், அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முஷேரிப் என்று ஊர் நடுவில் புதிதாகக் கட்டிய பேட்டையில் ஒரு சாயங்காலம் நடந்தோம். ஒரு கட்டடத்தின் நிழல் அடுத்த கட்டடத்தின் காலடியில் விழுகிற மாதிரி வீதியைக் குறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். என் மனைவி, “நம்ம வைசியாள் வீதி தாழ்வாரத்துல நடக்குற மாதிரி இருக்குங்க” என்றாள். அந்தப் பேட்டையில் வாடகை எங்களுக்கு எட்டாது. மன்சூரா எட்டும். ஆனால் மகளுக்கும் பின்னால் வேலை தேட வேண்டியிருந்தது, அதற்குத் துபாயில் வழி அதிகம். அந்த ஒரு காரணத்தால் தோஹாவை விட்டோம். வேலை தோஹாவில்தான் என்று அமைந்தவர்கள் தயங்க வேண்டாம். மன்சூரா, நஜ்மா பக்கம் பாருங்கள்.

துபாய் என்று முடிவானதும், “ஷார்ஜாவில் பாதி வாடகைக்கு வீடு கிடைக்குமே” என்று சொல்லாத ஆள் இல்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். துபாய்க்குப் பக்கத்து ஊரான ஷார்ஜாவில் ரோலா என்கிற பேட்டையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம். ரோலா என்றால் ஆலமரம். அங்கே முன்பு பெரிய ஆலமரம் ஒன்று நின்று ஊருக்கே நிழல் கொடுத்ததாம். இப்போது அந்த இடத்தில் சதுக்கமும் பூங்காவும் மரத்தின் நினைவுக்கு ஒரு சின்னமும் இருக்கின்றன. சுற்றிலும் துணிக்கடை, தங்கக்கடை, சாப்பாட்டுக் கடை. நடக்க நல்ல பேட்டை, சந்தேகமில்லை. வேலையும் ஷார்ஜாவிலேயே என்றால் ரோலாதான் என்று நானே சொல்லுவேன். மாப்பிள்ளைக்கு வேலை ஃபைனான்ஷியல் சென்டர் ஸ்டேஷன் பக்கம். ஷார்ஜாவுக்கு மெட்ரோ இல்லை. காலையில் அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்வதைப் பார்த்தால் தெரியும். ஆறு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வருகிற அப்பாவைக் குழந்தை வெள்ளிக்கிழமை ராத்திரிதான் விழித்த கண்ணோடு பார்க்கும்.

இனி அந்தக் கணக்கு. ஷார்ஜாவில் பார்த்த ஒரு படுக்கையறை வீடு வருடத்துக்கு 44,000 திர்ஹம். கராமாவில் இப்போது இருக்கிற வீடு 74,000. வித்தியாசம் 30,000. கேட்டவுடன் நெஞ்சு அடைக்கும். மகள் நோட்டை எடுத்துப் போட்டாள். ஷார்ஜா என்றால் கார் இல்லாமல் ஆகாது. தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல், அலுவலகப் பக்கம் பார்க்கிங், அப்புறம் சாலிக் என்கிற சுங்கம். சாலிக் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் சுங்க வாசல் ஒன்றுக்கு 6 திர்ஹம், பின்னிரவு தவிர மற்ற நேரத்தில் 4. எல்லாம் சேர்த்து மாதம் 2,600-க்குக் கீழே வரவில்லை. வருடத்துக்கு 31,200. அந்தக் காரும் பகல் முழுக்க மாப்பிள்ளையோடு போய்விடும், மகளுக்கு உதவாது. மெட்ரோவில் கட்டண மண்டலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நாள் பாஸ் 350 திர்ஹம். வாடகையை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதனால்தான். வாடகையையும் வண்டியையும் கூட்டிப் பாருங்கள்.

கராமாவுக்கு வருமுன் ஒரு கசப்பும் நடந்தது. துபாயிலேயே கிசைஸ் பக்கம் ஒரு வீடு, “மெட்ரோவிலிருந்து அஞ்சு நிமிஷம்” என்று ஒரு வீட்டுத் தரகர் கூட்டிப்போனார். தன் காரில் கூட்டிப்போனார். வீடு நன்றாகத்தான் இருந்தது, சமையலறைக்கு ஜன்னல்கூட இருந்தது. முன்பணம் கொடுத்தால் இன்றே எழுதிவிடலாம் என்று அவசரப்படுத்தினார். நான் மாப்பிள்ளையிடம், “நீங்க இங்கயே இருங்க, நான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வர்றேன்” என்று சொல்லிக் கடிகாரம் பார்த்துக் கிளம்பினேன். மணி நாலரை. ஐந்து நிமிடத்தில் வண்டி நிறுத்தும் மணல் திடல் ஒன்றின் நடுவில் நின்றேன். அதைத் தாண்டினால் பெரிய சாலை. கடக்க வெள்ளைக் கோடு கண்ணில் படவில்லை. கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹம் அபராதம். சுற்றிக்கொண்டு சிக்னலுக்குப் போய்க் கடந்து ஸ்டேஷன் வாசலை மிதித்தபோது 19 நிமிடம். வழியில் ஒரு மரம்கூட இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, மூச்சு சூடாக இருந்தது. 33 வருடம் வெயிலில் திரிந்த எனக்கே அப்படி என்றால், நாலு வயதுக் குழந்தையோடு மகள் எப்படி வருவாள்? திரும்பி வந்து வேண்டாம் என்றேன். தரகர், “ஐயா, இங்க யாரும் நடக்க மாட்டாங்க” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த 19 நிமிடத்தில் நான் பார்த்த ஆட்கள் நாற்பது பேருக்குக் குறையாது, எல்லாரும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர் கார் கண்ணாடிக்குள்ளிருந்து அவர்களைப் பார்த்ததே இல்லை போல.

அன்றிலிருந்து வீடு பார்ப்பதற்கு முன்னால் வழியைப் பார்த்தோம். சாயங்காலம் நாலு, நாலரைக்கு ஸ்டேஷன் வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மனைவியோடு நடை. அவளுக்கு மூட்டு வலி, பத்து நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாக நடக்க முடியாது. அவள் காலுக்கு ஒத்துவந்தால் குழந்தையின் காலுக்கும் ஒத்துவரும்.

கராமாவில் ஏடிசிபி ஸ்டேஷனில் இறங்கிப் பேட்டைக்குள் திரும்பியதும் மனைவி சொன்னது, “நேரு வீதி மாதிரி இருக்கு.” கூட்டமும் கடை பலகையும் அப்படித்தான். கண்ணாடிக் கோபுரம் எதுவும் இல்லை. பெரும்பாலும் மூன்று நாலு மாடிப் பழைய கட்டடங்கள், கீழே கடை, மேலே வீடு. எங்கள் தெருவில் மேல் மாடி கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நீட்டலுக்குக் கீழே கடை வாசலை ஒட்டி நடந்தால் தலையில் வெயில் படாது. புதுச்சேரித் தமிழர் வீதியில் திண்ணைக்கு முன்னால் தூண் நிறுத்தித் தெருவோரம் தாழ்வாரம் இறக்கியிருப்பார்களே, போகிறவர் வருகிறவர் ஒதுங்க என்று, அந்த வேலையைத்தான் இந்த மாடி நீட்டலும் செய்கிறது. கிரீக் என்கிற கடல் கழியின் கரையில் அல் ஃபஹீதி என்கிற பழைய பேட்டையைப் பாருங்கள். காற்றுக் கோபுரம் வைத்த வீடுகளுக்கு நடுவில் இரண்டு பேர் தோள் உரசிப் போகிற அளவுக்குக் குறுகலான சந்து. சிக்கா என்பார்கள். ஏர்கண்டிஷன் இல்லாத காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் அந்தச் சந்து நிழலில்தான் நடந்து வாழ்ந்தார்கள். பாலைவனத்தில் அகலச் சாலை வண்டிக்கு வசதி, காலுக்குத் தண்டனை.

நிழலில் எனக்கு ஒரு புதுப் பாடமும் கிடைத்தது. புதுச்சேரியில் ஆனி மாதத்தில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். கிழக்கு மேற்காகப் போகிற வீதியில் நடுப்பகலில் வடசிறகு வீடுகளை ஒட்டித்தான் நிழல். அந்தப் பழக்கத்தில் துபாயிலும் வடசிறகிலேயே நடந்து மூன்று நாள் வெந்தேன். அப்புறம்தான் உறைத்தது. துபாய் கடகரேகைக்கும் வடக்கே இருக்கிற ஊர். அங்கே நடுப்பகல் சூரியன் எந்த மாதத்திலும் தலைக்கு வடக்கே போகாது, எப்போதும் தெற்குப் பக்கம்தான். ஆகஸ்ட் கடைசியில் தென்சிறகில்தான் நிழல். அதைப் பிடித்த பிறகு மார்க்கெட்டுக்கு நாங்கள் போகும் வழியே மாறிவிட்டது. மகளிடம் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். வீடு தேடுகிறவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்டேஷனுக்குப் போகிற வழி கிழக்கு மேற்கு வீதியாக இருந்து, தென்சிறகில் தொடர்ச்சியாகக் கட்டடம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கராமாவில் எங்கள் வீட்டுக் கதவிலிருந்து மளிகைக் கடை 40 அடி. மலையாளி கடை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், தோசை மாவு எல்லாம் உண்டு. மருந்துக் கடை அடுத்த கட்டடம். காய்கறி, மீன் வாங்க ஆறு நிமிடம். வஞ்சிரத்தை அங்கே கிங்ஃபிஷ் என்கிறார்கள். நம்ம கடல் மீனின் ருசி இல்லை என்று மனைவி சொல்வாள், நான் வித்தியாசம் காணவில்லை. காலை இட்லிக்கும் பொங்கலுக்கும் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சரவண பவனும் இருக்கிறது. தையல்காரர், செருப்புத் தைப்பவர், சாவி போடுபவர், பல் டாக்டர் எல்லாரும் காலால் எட்டுகிற தூரம். பெரிய பூங்கா வேண்டுமென்றால் ஜபீல் பூங்கா. செப்டம்பர் பாதிக்கு மேல் சூரியன் இறங்கிய பிறகு அங்கே நடக்க முடிந்தது. அதற்கு முன்னால் ராத்திரி ஒன்பது மணிக்கும் 30 டிகிரிக்குக் கீழே வரவில்லை, வியர்வையும் காயவில்லை. ஆகஸ்டில் வெளியில் உல்லாசமாக நடக்கலாம் என்று யாரையும் நான் ஏமாற்ற மாட்டேன். பத்து நிமிடத்துக்குள் முடிகிற வேலைகளை நடந்து முடிக்கலாம். அதுவே பெரிய விஷயம். வேலைக்காரர்களுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலை கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. நடக்கிறவர்களும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதுதான் நல்லது. எதிர்க் கட்டடத்தில் வேலை நடந்தது. சரியாகப் பன்னிரண்டரைக்கு அந்தப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியைக் கழற்றித் தலைக்கு வைத்து நிழலில் படுத்துவிடுவார்கள். பாதிப் பேர் நம்ம பக்கத்து முகமாகவே இருக்கும்.

இனி மெட்ரோ. 2009 செப்டம்பர் 9-ல் ரெட் லைன், 2011-ல் கிரீன் லைன். ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது, முதல் பெட்டியில் நின்றால் தண்டவாளம் நேரே தெரியும், பேத்திக்கு அதுதான் உலகம். டிக்கெட்டுக்குப் பதிலான நோல் சில்வர் கார்டு 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணச் செலவுக்கே இருக்கும். ஒரு மண்டலத்துக்குள் 3, பக்கத்து மண்டலத்துக்கு 5, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 7.50. அதே கார்டில் பஸ்ஸும் ஏறலாம். ரயிலிலிருந்து இறங்கி அரை மணிக்குள் பஸ் மாறினால் ஒரே பயணமாகக் கணக்காகும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி. மனைவி முதல் வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்றாவது வாரம், “நீங்க அந்தப் பக்கம் போங்க, நாங்க லேடீஸ்ல வர்றோம்” என்று மகளோடு போய்விட்டாள். புதுச்சேரியில் தனியாக நெல்லித்தோப்புக்குப் போகவே ஷேர் ஆட்டோவுக்கு யோசிப்பவள். ஒரு நாள் அவள் மட்டும் பேத்தியோடு பர்ஜுமான் வரை போய்த் திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்கு எந்த மதிப்பெண் போடுவது?

பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் ஸ்டேஷன் மேம்பாலம் மூடிய குளிர்க்கூடமாக இருக்கிறது. ரயிலில் ஏறாதவர்களும் அந்தப் பாலத்தில் நடந்து எதிர்ப்பக்கம் இறங்கலாம். லிஃப்ட் உண்டு. மூட்டு வலிக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

குறைகளும் உண்டு. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ரெட் லைனில் நிற்க இடம் கிடைத்தால் பாக்கியம். யூனியன், பர்ஜுமான் இரண்டும் வண்டி மாறுகிற இடங்கள், கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். குழந்தையோடு அந்த நேரத்தில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் முதல் ரயில். விடியற்காலை விமானத்துக்கு டாக்சிதான். குளிர்சாதன பஸ் நிறுத்தம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள், உண்மையில் நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பக்கத்து நிறுத்தத்தில் ஒன்பது நாள் மெஷின் ஓடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மெஷின் ஓடாவிட்டால் வெளியில் நிற்பதே மேல். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, 100 திர்ஹம் அபராதம். குழந்தைக்கு ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கராமா வீடுகள் பழையவை. எங்கள் வீட்டு ஏர்கண்டிஷன் லாரி ஏறுகிற சத்தம் போடும். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் எட்டித்தான் பார்க்கலாம். கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பேட்டை நரகம், ராத்திரி பத்து மணிக்கு இடம் தேடிச் சுற்றுகிற வண்டிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வாடகைச் செலவில் யாரும் முதலில் சொல்லாத சங்கதிகள் சில. வருட வாடகையை முன்தேதியிட்ட காசோலைகளாகக் கேட்பார்கள். எங்களுக்கு நாலு. தரகுக்கு 5 சதவீதம், முன்வைப்பு 5 சதவீதம். ஒப்பந்தத்தை இஜாரி என்கிற பதிவில் ஏற்ற வேண்டும், அது இல்லாமல் மின்சார இணைப்பே கிடைக்காது. அப்புறம் வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாக மாதா மாதம் மின்சார பில்லிலேயே வந்து சேரும். முதல் பில்லைப் பார்த்து மாப்பிள்ளை, “மாமா, கரண்ட் இவ்வளவா?” என்று பயந்துவிட்டார். பாதி அந்த வரிதான்.

நான் தண்ணீரைப் பற்றியும் விசாரித்தேன். பாலைவனத்தில் என்ன வெள்ளம் என்று கேட்டவர்கள் உண்டு. 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெங்கல் புயல் இரண்டையும் புதுச்சேரியில் பார்த்தவன் நான். ஃபெங்கலின்போது ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டி, எங்கள் முத்தியால்பேட்டை வீட்டு வாசற்படி முங்கியது. அதே வருடம் ஏப்ரல் 16-ல் அமீரகத்தில் 75 வருடத்தில் காணாத மழை. ஷார்ஜாவில் பல பேட்டைகளில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. துபாய் மெட்ரோவிலேயே நாலு ஸ்டேஷன்கள் ஒரு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தன. மழை வடிய வழியில்லாத ஊரில் தரைத் தள வீடு எடுக்காதீர்கள். பார்க்கப் போகிற கட்டடத்தின் காவலாளியிடம், “2024-ல எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?” என்று கேளுங்கள். அவர் கையை வைத்துக் காட்டுவார். எங்கள் கட்டடத்துக் காவலாளி கணுக்காலைக் காட்டினார்.

வந்த முதல் வாரத்திலிருந்தே எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. தெருவில் தபால்காரரையே காணோம். மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன். “இங்க வீட்டுக்குத் தபால் வராது சேட்டா, எல்லாம் பெட்டிதான்” என்றார். கட்டட வாசலில் மக்கானி என்று பத்து இலக்க எண் ஒட்டியிருக்கிறது, வழி தேட அது. கடிதத்துக்குத் தபால் பெட்டி எண். கராமாவிலேயே மத்தியத் தபால் நிலையம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு காலை நடந்தே போனேன், நிழலில் பதினைந்து நிமிடம். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கதவு, ஒவ்வொன்றிலும் எண், சாவித் துவாரம். ஒரு பெரியவர் வந்து சாவி போட்டுத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒன்றும் இல்லாமல் பூட்டிவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் என் பையில் இந்தப் பெட்டி எண்களை முதுகில் எழுதிய எத்தனை கடிதங்கள் வந்திருக்கும்! முத்தியால்பேட்டையிலும் குருசுக்குப்பத்திலும் வாசலுக்கே ஓடிவந்து வாங்குவார்கள். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டியிருக்கிறேன். ‘இங்கு நான் நலம், வெயில் பரவாயில்லை’ என்றுதான் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அந்த வெயிலில் நின்ற பிறகுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது. ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்து, இந்தத் தெருக்களில்தான் அவர்கள் நடந்திருக்க வேண்டும்.

கிரீக்கைக் கடக்க அப்ரா என்கிற மரப் படகு இன்னும் ஒரு திர்ஹம்தான். பர் துபாய் கரையில் ஏறினால் சில நிமிடத்தில் தேரா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஐந்து பேரும் ஐந்து திர்ஹத்தில் போய் வந்தோம், திரும்ப இன்னொரு ஐந்து. கடற்காற்று முகத்தில் பட்டதும் பேத்தி, “தாத்தா, நம்ம பீச்” என்றாள். பர் துபாய் கரையில் பூக்கடைச் சந்தில் மல்லிகைச் சரம் கிடைக்கும், மனைவி ஒரு வாரமும் விடவில்லை.

கராமாவுக்குப் பணம் எட்டாதவர்கள் இன்டர்நேஷனல் சிட்டி பக்கம் போகிறார்கள். வாடகை குறைவு, ஆனால் இன்று மெட்ரோ இல்லை. புது ப்ளூ லைன் அங்கே போகிறது, 30 கிலோமீட்டர், 14 ஸ்டேஷன், 2029 செப்டம்பர் 9-ல் திறக்கத் திட்டம். அதுவரை பஸ்தான் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

எங்கள் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. வாடகையை ஏற்றுவதாக இருந்தால் வீட்டுக்காரர் 90 நாள் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்பது அங்கத்திய சட்டம். அவர் சொன்னால் பார்த்துக்கொள்ள, கிளம்புவதற்கு முந்தின வாரம் நானும் மனைவியும் கிரீன் லைனில் ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கி ஒரு தெருவை நடந்து பார்த்து வைத்திருக்கிறோம். ஸ்டேஷன் வாசலிலிருந்து தென்சிறகில் ஏழு நிமிடம். நடுவில் ஒரு மளிகைக் கடை, ஒரு வேப்பமரம், அதன் அடியில் யாரோ போட்டு வைத்த ஒரு நாற்காலி.